எதிர்த்தட்டு

கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஷர்மிளா மேடத்தின் அலுவலகத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். கோயிலுக்கு அடுத்தபடியாக கோகுல்நாத் அவ்வளவு பயபக்தியோடு நுழைகிற இடம் அதுதான். கோபிசெட்டிபாளையத்தில் சொட்டுநீர்க் குழாய் ஏஜென்சி வைத்திருப்பவர். கடையில் அவர் குரல் தெருமுனை வரை கேட்கும். இங்கே வந்தால் மட்டும் எதற்கெடுத்தாலும் 'சரிங் மேடம்'. எந்தக் கல்லூரிக்கு, எப்போது, எதையெதைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது மேடத்தின் தொழில். கோகுல்நாத்தின் ஒரே மகள் இதழினி ஒன்பதாம் வகுப்பு முடித்த கோடையிலிருந்தே மேடத்தின் கையில் இருந்தாள்.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. ஐப்பசி மாதம். நீள்மலைக் கழகம் என்ற கல்லூரியில் முந்துசுற்று, அதாவது பொதுச்சுற்றுக்கு முன்பே ஆள் எடுக்கும் சுற்று, நடந்துகொண்டிருந்தது. மேடம் தன் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். திரையில் ஒரு தராசு. இடது தட்டில் இதழினியின் பெயர். வலது தட்டில் பெயர் இல்லை. நடுவில் தொண்ணூற்றேழு என்ற எண்.

"இது நல்லதுங்களா?" என்றார் கோகுல்நாத்.

"நல்லதில்லீங்க சார். இவ்ளோ அதிகமா நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல."

"ஏனுங் மேடம், அத்தன ஆயிரம் பசங்க போட்டிருக்கறாங்க. என்ற பொண்ணுக்கு இந்த ஒருத்தருகூட மட்டும் எதுக்குங் போட்டி?"

மேடம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நூறு பெற்றோருக்குச் சொன்ன விளக்கம். அலுப்பில்லாமல்தான் சொன்னார்.

"முன்னெல்லாம் நீள்மலைல மார்க்கையும் சர்டிபிகேட்டையும் பாத்து மேல இருக்கற முன்னூறு பேரை எடுத்தாங்க. உள்ள போய்ப் பாத்தா எல்லாரும் ஒரே அச்சு. எல்லாருக்கும் செஸ், எல்லாருக்கும் பரதநாட்டியம், எல்லாரும் மரக்கன்று நட்டிருக்காங்க, எல்லாரும் முதியோர் இல்லத்துல போய்ப் பாட்டுப் பாடியிருக்காங்க. வாத்தியாருங்களுக்கு ஆள் அடையாளமே தெரியல. அப்பதான் இந்தத் தராசைக் கொண்டுவந்தாங்க. உங்க பொண்ணோட மார்க், விளையாட்டு, பொழுதுபோக்கு, எழுதின கட்டுரை, எதை எப்ப ஆரம்பிச்சா, எதைப் பாதில விட்டா, எல்லாத்தையும் படிச்சு, அவளை மாதிரியே இருக்கற இன்னொரு விண்ணப்பத்தைத் தேடி எதிர்த்தட்டுல வெச்சுரும். நடுவுல இருக்கற நம்பர், நூத்துக்கு எவ்ளோ ஒத்துப்போகுதுங்கறது. ரெண்டுல ஒண்ணுதான் உள்ள போகும். ஒரே மாதிரி ரெண்டு பேரு வேண்டாங்கறது அவங்க கொள்கை."

"தோத்தா?"

"தோத்தா அது எல்லாக் கல்லூரிக்கும் தெரியும். சித்திரைல வர்ற பொதுச்சுற்றுல எங்க போனாலும் முதல்ல அதைத்தான் பாப்பாங்க. இதே மாதிரி வேற ஒருத்தர் இவளைவிட நல்லா இருந்தாங்கன்னு அர்த்தம் ஆயிடும் பாருங்க. எடை போடறதுக்கு முன்னாடி விலகிட்டா அந்தத் தொல்லை இல்ல. ஆனா விலகினா நீள்மலையை மறந்துற வேண்டியதுதான். எதிர்த்தட்டுல இருக்கறவங்க சுலபமா உள்ள போயிருவாங்க."

தராசு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அதற்குள் ஊர் மாறிவிட்டது. 'பையன் சாயங்காலத்துல என்ன பண்றான்?' என்று கேட்டால், கேட்டவரைப் பெற்றோர்கள் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்வது நின்றது. ஈரோட்டில் ஒரு பையன் ஜன்னலைச் சாத்திக்கொண்டு நாதஸ்வரம் கற்றான். நாதஸ்வரத்தைச் சாத்தி வைக்க முடியுமா? தெருவுக்கே தெரியும், தெருவே தெரியாத மாதிரி நடந்துகொண்டது. இதழினிக்கும் பள்ளியில் தோழிகள் உண்டு. பேசிச் சிரிப்பார்கள். யாருக்கு எது உண்மையில் பிடிக்கும் என்று மட்டும் யாரும் யாரிடமும் சொன்னதில்லை.

மேடம் வலது தட்டைத் திறந்தார். பெயரும் ஊரும் மறைக்கப்பட்டிருந்தன. மற்றதெல்லாம் இருந்தது. மதிப்பெண்ணில் அரை மதிப்பெண் வித்தியாசம். மாவட்ட கோ-கோ அணி. ஏழாம் வகுப்பில் விட்ட செஸ். கடைசியாக, பொழுது சாய்ந்ததும் வாய்க்கால் ஓரங்களில் தவளைகளின் குரலைப் பதிவு செய்து, எந்தத் தவளை எங்கே கத்துகிறது என்பதை வைத்து நிலத்தின் ஈரத்தைக் கணிப்பது.

கோகுல்நாத்துக்கு மூக்கு விடைத்தது. "மேடம், இந்தத் தவளை ரோசனைய நீங்க இன்னொருத்தருக்கும் வித்துப்போட்டீங்களா?"

"சார், சத்தியமா இல்ல. வில்லுப்பாட்டு நான் சொன்னது. இடிஞ்ச சத்திரங்களை அளந்து வரையறது நான் சொன்னது. தவளை மட்டும் உங்க பொண்ணு தானா புடிச்சது."

அது உண்மை. மேடம் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த வித்தியாசங்களையெல்லாம் தராசு ஓரமாகத் தள்ளிவிட்டது. இதழினி தானாகப் பிடித்த ஒன்றை வைத்து ஆளைப் பிடித்துவிட்டது. நீள்மலையில் ஒலி ஆய்வகம் ஒன்று உண்டு. பூச்சி, பறவை, தவளை என்று ஒரு கூட்டமே அங்கே காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தவளை என்று சொன்னால் சிரிக்காத ஒரே இடம் அதுதான் என்று இதழினி நம்பினாள். பதினாலு வயதிலிருந்து அவளுக்கு வேறு ஆசையே கிடையாது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கோகுல்நாத் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை ஓட்டினார். பின்சீட்டில் இதழினி போனைத் திறந்தாள். தவளைக் குரல்களை ஏற்றி வைக்கும் பொதுத் தளம் ஒன்று இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் ஏற்றுகிறவர்கள் மிகக் குறைவு. மயிலாடுதுறைப் பக்கம் நீடூரிலிருந்து ஒருவர் இரண்டு வருடமாக ஏற்றிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற யாரோ வாத்தியார் என்று இதழினி நினைத்திருந்தாள். அவருக்கு ஒரு செய்தி அனுப்பினாள். 'நீங்க நீள்மலைக்கு விண்ணப்பிச்சிருக்கீங்களா?'

போனைக் கீழே வைப்பதற்குள் பதில் வந்தது. 'இதே கேள்வியத்தான் நான் உங்களுக்கு டைப் பண்ணிக்கிட்டிருந்தேன்!'

அவள் பெயர் சஃப்ரின்.

இருவருக்கும் நடுவில் இருந்தது திருச்சி. கோ-கோ பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்சி ஜங்ஷனில் சந்தித்தார்கள். இதழினி பயந்துகொண்டேதான் போனாள். தன்னைப் போலவே இருப்பவளைப் பார்த்தால் தன்னையே பார்ப்பது போல் இருக்கும், எரிச்சல் வரும் என்று நினைத்திருந்தாள். சஃப்ரின் இவளைவிட ஒரு சாண் உயரம். தலையில் பச்சை ஷால். நடை வேகம். பார்த்தவுடன், "ஏய், நான் உன்னை வெறுக்கணும்னு முடிவு பண்ணிட்டு வந்தேன்டி," என்றாள்.

"நானும்," என்றாள் இதழினி.

அதோடு வெறுப்பு முடிந்தது. கேன்டீனில் பொங்கல் வாங்கினார்கள். இருவரும் மிளகை ஓரமாக ஒதுக்கினார்கள். தவளைகளைப் பற்றிப் பேசினார்கள். ஒருத்தி ஒரு குரலை வாயால் செய்து காட்ட, இன்னொருத்தி அது எந்த மாதத்துக் குரல் என்று சொன்னாள். பக்கத்து மேசைக்காரர் தட்டோடு எழுந்து வேறு இடத்துக்குப் போனார். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் 'எங்கே அந்தத் தவளை மாதிரி கத்திக் காட்டு' என்பார்களே, அந்தக் கொடுமையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். இதழினிக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடமாகத் தனக்கு ஒரு தோழி இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மனசு நிறைந்திருந்தது, கூடவே வலித்தது.

பிறகு விஷயத்துக்கு வந்தார்கள்.

"ரெண்டு பேரும் தராசுல நின்னா ஒருத்திக்குத் தோத்தவங்கற முத்திரை விழுந்துரும்," என்றாள் சஃப்ரின். "அதுக்கு ஒருத்தி முன்னாடியே விலகிட்டா நல்லது. அவளாச்சும் வேற எங்கயாச்சும் நிம்மதியாப் படிப்பா."

"யாரு விலகறது?"

"கல்-தாள்-கத்தரி போடலாமா?"

போட்டார்கள். இருவரும் கல். மறுபடி போட்டார்கள். இருவரும் தாள். இனி இவள் கத்தரிதான் போடுவாள் என்று இதழினி கல்லைப் போட்டாள். சஃப்ரினும் அதையே நினைத்திருந்தாள். எத்தனை தடவை போட்டும் ஒருத்தி இன்னொருத்தியை வெல்லவில்லை. முதலில் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது.

"நாமளா முடிவு பண்ணா முடியாதுடி," என்றாள் சஃப்ரின். "நம்ம ரெண்டு பேருக்கும் சம்பந்தமே இல்லாத ஒண்ணு முடிவு பண்ணணும். அடுத்து எந்த வண்டிக்கு அறிவிப்பு வருதோ, அதோட நம்பர் ஒத்தையா ரெட்டையா?"

"ஒத்தை," என்றாள் இதழினி.

ஒலிபெருக்கி தொண்டையைக் கனைத்தது. பாலக்காடு வண்டி. கடைசி எண் ஆறு.

இதழினி கையிலிருந்த காகிதக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி. நான் விலகிக்கறேன்," என்றாள். குரல் நன்றாகத்தான் வந்தது. சஃப்ரினின் முகத்தில் ஜெயித்த சந்தோஷம் இல்லை. வண்டி ஏறும்போது இதழினியின் தோளை ஒரு முறை அழுத்திவிட்டுப் போனாள்.

விலகுவது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை. இதழினியின் விண்ணப்பத்தைத் திறக்கும் கடவுச்சொல் ஷர்மிளா மேடத்திடம்தான் இருந்தது. மேடத்திடம் போகிற பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படித்தான். தட்டைப் பார்ப்பது, கட்டுரையைத் திருத்துவது எல்லாம் மேடத்தின் அலுவலகத் திரையில். விலகுவதற்கு மட்டும் விண்ணப்பித்தவரின் கைரேகை வேண்டும் என்று கழகம் விதி வைத்திருந்தது. அதற்கான சிவப்புப் பொத்தான் அவரவர் போனில் இருக்கும். கட்டை விரலை வைத்து அழுத்தினால் போதும்.

திங்கட்கிழமை அவள் அழுத்தவில்லை. பள்ளியில் தேர்வு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமையும் அழுத்தவில்லை. சஃப்ரினிடமிருந்து தினமும் செய்தி வந்தது. மழை வந்ததா, வாய்க்காலில் தண்ணீர் விட்டார்களா, தங்கள் ஊர் மரத்தவளை நேற்று எப்படிக் கத்தியது என்றெல்லாம் எழுதினாள். விலகிவிட்டாயா என்று மட்டும் அவள் கேட்கவே இல்லை. என்னை அவ்வளவு நம்புகிறாள் என்று நினைத்து இதழினி கூசிப்போனாள்.

புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கோகுல்நாத் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு மேடத்துக்குப் போன் போட்டார். ஒலியைக் கூட்டி மேசை நடுவில் வைத்தார்.

"இதழினி," என்றது மேடத்தின் குரல். அதட்டல் இல்லை, அக்கறையாகத்தான் இருந்தது. "ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். நீ ஜெயிச்சு, அந்தப் பொண்ணு தோத்திருந்தா, அவ விலகியிருப்பாளா?"

"வாக்குக் குடுத்திருந்தா விலகியிருப்பா மேடம்."

"நீயும்தான வாக்குக் குடுத்தே. விலகினியா?"

இதழினி தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த பருக்கையைச் சுரண்டினாள்.

"தராசு என்ன சொல்லுது? நூத்துக்குத் தொண்ணூத்தேழு அவதான் நீ, நீதான் அவ. நீ இப்ப அந்தப் பொத்தானை அமுக்காம உக்காந்திருக்கே. அவளா இருந்தாலும் இப்படித்தான் உக்காந்திருப்பா. நீ அவளுக்குத் துரோகம் பண்ணலம்மா. அவ உனக்கு என்ன பண்ணியிருப்பாளோ அதையத்தான் பண்றே. இதுல தப்பு எங்க இருக்கு?"

கோகுல்நாத் மகளின் தலையில் கை வைத்தார். "மேடம் சொல்றது ஞாயந்தான சாமி? ஒரு வண்டி நம்பரப் பாத்து நாலு வருசப் படிப்பத் தூக்கிக் குடுக்கோணுமா?"

அந்த வாதத்தில் ஓட்டை எதுவும் இதழினிக்குத் தெரியவில்லை. கண்டுபிடிக்க அவள் ரொம்ப முயற்சி செய்யவும் இல்லை. அவளுக்கு நீள்மலை வேண்டியிருந்தது. அதுதான் உண்மை. சஃப்ரினும் இதைத்தான் செய்திருப்பாள் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். சோறு இறங்கியது. அன்றைக்குத் தூக்கமும் வந்தது. வெள்ளிக்கிழமையும் சஃப்ரினிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. இதழினி கேட்டுவிட்டு, 'சூப்பர்டி' என்று பதில் போட்டாள்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முந்துசுற்று மூடப்படும். அதன் பிறகு எடை. அப்பாவும் மகளும் நான்கு மணிக்கே மேடத்தின் அலுவலகத்தில் இருந்தார்கள். திரையில் இரண்டு தட்டுகளும் சமமாக நின்றன. மேடம் கடைசியாக ஒரு தடவை கட்டுரையில் கைவைக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது இதழினியின் போன் அடித்தது. சஃப்ரின்.

எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். "ஹலோ."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "இதழ், நானும் விலகிட்டேன்டி," என்றாள் சஃப்ரின்.

"என்ன?"

"நானும் விலகிட்டேன். இப்பத்தான். நீ அன்னிக்கே விலகியிருப்பே. நீ இல்லாம நான் மட்டும் அங்க போய் யாருகூடடி பேசறது? ஒரே மாதிரி ரெண்டு பேரு வேண்டாம்னு சொல்ற எடம் எனக்கு வேண்டாம். நாகப்பட்டினம் பக்கம் அரசுக் கல்லூரி ஒண்ணு இருக்கு. அங்க தராசும் இல்ல, கிராசும் இல்ல. ஒலி ஆய்வகமும் இல்லதான், ஆனா பின்னாடியே வயலும் உப்பங்கழியும் இருக்காம். பொதுச்சுற்றுல ரெண்டு பேரும் போடலாம். முத்திரை இல்லாததால கெடச்சிரும். ஒரே ரூம் கேக்கலாம். என்ன சொல்றே?"

இதழினியின் பின்னால் நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. மேடம், "சார்! சார், இங்க பாருங்க!" என்றார். திரையில் வலது தட்டு காலியாகிவிட்டது. இடது தட்டு மட்டும் கீழே இறங்கி நின்றது. கோகுல்நாத் இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்துக் கும்பிட்டார்.

"இதழ்? இருக்கியா?"

"இருக்கேன்," என்றாள் இதழினி. "ஆமாடி. போடலாம். நான்... நான் அன்னிக்கே விலகிட்டேன்."

பொய். சொல்லி முடித்தபோது உடம்பெல்லாம் சுட்டது. போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அப்பாவின் கண்களில் தண்ணீர். மேடம் யாரிடமோ காபி சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து அடிக்க இன்னும் அரை மணி இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், நீள்மலை அவளுடையது. இனிமேல் யாரும் யாரையும் எடை போடப் போவதில்லை. சஃப்ரினுக்கு முத்திரையும் விழாது. கஷ்டம் யாருக்குமே இல்லை. இதைவிட வசதியாக ஒரு துரோகம் யாருக்கும் அமையாது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, போனில் அந்தச் சிவப்புப் பொத்தானை எடுத்தாள்.

கோகுல்நாத் பார்த்துவிட்டார். ஒரே எட்டில் வந்து போனின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். "என்ன பண்றே கண்ணு? அந்தப் புள்ளையே விட்டுக் குடுத்துருச்சு. நீ எதுக்கு?"

"அவ விட்டுக் குடுக்கலீங்கப்பா. நானும் விலகியிருக்கேன்னு நெனச்சுட்டு விலகியிருக்கா."

"நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும். நாம கேட்டமா? ஒரு அரை மணி நேரம் பொறு சாமி. அப்பறம் அந்தப் புள்ளைக்கு என்ன வேணுமோ நானே பண்ணித் தாரேன். அவிங்கப்பன் காலுலகூட உளுந்து மன்னிப்புக் கேக்கறேன்."

"இதழினி, இதை யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்கம்மா," என்றார் மேடம்.

"நீங்க சொன்னீங்க மேடம், நான் என்ன பண்ணுவேனோ அதைத்தான் அவளும் பண்ணுவான்னு. அவ பண்ணலியே. வேற ஒண்ணைப் பண்ணிட்டாளே." அழக்கூடாது என்று நினைத்தும் அவளுக்கு அழுகை வந்தது. "அப்பா, கைய எடுங்கப்பா."

அவர் எடுக்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏஜென்சி கடையில் எத்தனையோ பேரைப் பேசி மடக்கியவர். மெல்லக் கையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். இதழினி கட்டை விரலை வைத்து அழுத்தினாள். திரையில் இடது தட்டும் காலியானது.

திரும்பி வரும்போது அவிநாசி தாண்டும் வரை வண்டியில் யாரும் பேசவில்லை. அதற்கப்புறம் கோகுல்நாத், "பசிக்குதா?" என்று கேட்டார். அதன் பிறகு இரண்டு மாதம் மகளோடு அவர் பேசிய பேச்சு அவ்வளவுதான் இருக்கும். ஆனால் ஆடி மாதம் நாகப்பட்டினத்துக்குப் படுக்கையையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு அவர்தான் வண்டியை ஓட்டினார். விடுதி வாசலில் சஃப்ரின் 'அத்தா' என்று கூப்பிடும் அவள் அப்பாவைப் பார்த்ததும் பேச ஆரம்பித்தவர், மின்மோட்டார், தண்ணீர், வெங்காய விலை என்று பேசி, புறப்படவே மறந்துபோனார்.

கல்லூரியில் இதழினிக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒன்றைத் தவிர. சஃப்ரினுக்கு அந்தக் கதையைச் சொல்லுவதில் அலாதிப் பிரியம். சாப்பாட்டுக்கூடத்தில் யார் புதிதாக வந்து உட்கார்ந்தாலும் ஆரம்பித்துவிடுவாள். "நாங்க ரெண்டு பேரும் நீள்மலைய வேண்டாம்னுட்டு வந்தோம். ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கவே இல்ல. ரெண்டு பேரும் தனித்தனியா விலகியிருக்கோம்!" எல்லோரும் 'அடேயப்பா' என்பார்கள். இதழினி தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பொய் கொஞ்சம் கனத்தது.

கார்த்திகையில் நல்ல மழை. மழை விட்ட ஒரு சாயங்காலம் இருவரும் கல்லூரிக்குப் பின்னால் இருந்த வயல் வரப்பில் கருவியை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பதிவு முடியும் வரை பேசக்கூடாது. வயலெல்லாம் தவளைச் சத்தம். பதிவு முடிந்து கருவி நின்றதும் இதழினி சொல்லிவிட்டாள்.

"சஃப்ரின், நான் பொய் சொல்லிட்டேன். அன்னிக்கு உன் போன் வர்ற வரைக்கும் நான் விலகல. அதுக்கப்பறந்தான் விலகினேன். விலகற எண்ணமே எனக்கு இல்ல."

சஃப்ரின் கருவியிலிருந்த ஈரத்தை ஷால் முனையால் துடைத்தாள்.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ விலகலேன்னு. தராசு உனக்கு உங்க மேடம் ஆபீசுக்குப் போனாத்தான் தெரியும். எனக்கு ஏதுடி மேடம்? நானாத்தான் விண்ணப்பிச்சேன், நானாத்தான் பாத்தேன். காலைல எந்திரிச்சதும் என் போன்ல அதைத்தான் பாப்பேன். உன் தட்டு அப்படியே இருக்கும். ஸ்கூல் விட்டு வந்து பாப்பேன். அப்படியே இருக்கும். சனிக்கிழமை வரைக்கும் பாத்தேன்."

தான் ஒருத்திதான் தராசைப் பார்க்கிறோம் என்று எப்படி நினைத்தோம் என்று இதழினிக்கே புரியவில்லை.

"பின்ன எதுக்கு 'நானும் விலகிட்டேன்'னு சொன்னே?"

"திட்டறதுக்குத்தான் போன் போட்டேன். ஏண்டி ஏமாத்தினேன்னு கேக்க. அதுக்கு முன்னாடியே விலகிட்டேன். உன்னை எதிர்ல வெச்சு எடை போட விடவும் மனசு வரல, தோத்துருவேனோன்னு பயமாவும் இருந்துச்சு. நீ ஹலோன்னியா, குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. சட்டுனு வாயில வேற வந்துருச்சு." சஃப்ரின் கருவியைப் பையில் போட்டாள். "சரி, சொல்லித்தான் பாப்போம், இவ என்ன பண்றான்னு நெனச்சேன். போனை வெச்சுட்டு உன் தட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"எல்லார்கிட்டயும் கதை சொல்றியே, அது?"

"நீயா எப்ப சொல்லுவேன்னு பாத்தேன். இங்க வந்தும் நாலு மாசம் ஆக்கிட்டே."

இதழினி கேட்கப் பயந்து, பிறகு கேட்டாள். "நான் அன்னிக்கு விலகாம இருந்திருந்தா?"

சஃப்ரின் கொஞ்சம் யோசித்தாள். கோபமாகவும் இல்லை, விளையாட்டாகவும் இல்லை. நாளைக்கு மழை வருமா என்று கேட்டவருக்குப் பதில் சொல்லுகிற மாதிரிதான் சொன்னாள்.

"நீ நீள்மலைக்குப் போயிருப்பே. நல்லாப் படின்னு ஒரு மெசேஜ் போட்டிருப்பேன். அதோட சரி. அதுக்கப்புறம் என் ஆயுசுல உன்கூடப் பேசியிருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு எழுந்து, அடுத்த வரப்புக்கு நடக்க ஆரம்பித்தாள். இதழினியால் உடனே எழ முடியவில்லை. அலுவலகத்தில் அப்பாவின் கை போனை மூடியிருந்தபோதுகூட அவளுக்கு வராத பயம், எல்லாம் முடிந்து ஒரு வருடம் கழித்து, இப்போது வந்தது. முன்னால் போனவள் திரும்பி, "வாடி, இருட்டறதுக்குள்ள இன்னொண்ணு எடுத்துரலாம்," என்று கூப்பிட்டாள்.